அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற என்னென்ன வேண்டும்?

கேள்வி இதுதான்: அரசியல் அறிவியலில் பிஎச்.டி. வாங்க என்ன தகுதி வேண்டும், எந்தெந்தக் கட்டங்களைத் தாண்ட வேண்டும், எத்தனை வருஷம் பிடிக்கும், ஆட்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்? எந்த நாடு என்று கேள்வியில் இல்லை. அதனால் பொதுவாகவே சொல்கிறேன். விதி மாறுகிற இடங்களில் மட்டும் நாட்டின் பெயர் வரும்.

விதிப்புத்தகத்தில் இருக்கும் நிபந்தனைகள், அதாவது மதிப்பெண், கிரெடிட், தேர்வு, வருகை எல்லாம், உழைக்கிறவருக்கு எட்டாதவை இல்லை. பாதியில் நின்றுபோகிறவர்களில் பலர் எல்லாத் தேர்வையும் எழுதி முடித்தவர்கள்தான். அமெரிக்காவில் இந்த நிலைக்கென்றே ஒரு பெயர் உண்டு: ‘ஏபிடி’, ஆய்வேடு தவிர மற்ற எல்லாம் முடித்தவர். இவர்களை நிறுத்தி வைப்பது விதியில் எழுதாத ஒரு நிபந்தனை. இதுவரை யாரும் திருப்தியாக விடை சொல்லாத, ஆனால் இரண்டு மூன்று வருஷ உழைப்பில் விடை காணக்கூடிய ஒரு கேள்வி கையில் இருக்க வேண்டும். சேர்க்கை முதல், ஆய்வேடு தந்தபின் நடக்கும் வாய்மொழித் தேர்வான வைவா வரை ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் சோதிக்கிறது.

முதலில் நாடுகளின் முறைகள். அமெரிக்க முறையில் இளங்கலை முடித்தவர் நேராகச் சேரலாம், முதுகலை கட்டாயமில்லை. முதல் இரண்டு, இரண்டரை ஆண்டு வகுப்புகள், அதன்பின் தகுதித் தேர்வு, அதன்பின் ஆய்வுத் திட்டம், கடைசியில் ஆய்வேடு. அறிவிப்பில் ஐந்து ஆண்டு என்றிருக்கும். ஆறு, ஏழு ஆவது சாதாரணம். களப்பணி இருந்தால் கூடவே ஆகும். கனடாவிலும் ஏறக்குறைய இதே அமைப்பு, ஆனால் பெரும்பாலும் முதுகலையோடு வரச் சொல்வார்கள்.

பிரிட்டனில் முதுகலை முடித்து, ஆய்வுத் திட்டத்தையும் எழுதி எடுத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். பாட வகுப்புகள் குறைவு. முதல் ஆண்டின் இறுதியில், அல்லது ஒன்றரை ஆண்டுக்குள், ‘அப்கிரேடு’ என்ற மதிப்பீடு வரும். ஒன்றிரண்டு அத்தியாயங்களையும் திட்டத்தையும் படித்துவிட்டு, இது பிஎச்.டி.க்குத் தாங்குமா என்று முடிவு செய்வார்கள். மொத்தம் மூன்று அல்லது நான்கு ஆண்டு. சொல் வரம்பு கண்டிப்பானது: கேம்பிரிட்ஜில் 80,000 சொல், ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் (எல்எஸ்இ) 1,00,000.

ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் ஒன்று தெரிந்திருப்பது நல்லது. நெதர்லாந்திலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளமுள்ள வேலை. இடம் காலியானால் விளம்பரம் வரும், வேலைக்கு விண்ணப்பிப்பது போலவே விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பே பேராசிரியரின் திட்டத்துக்குள் அடங்கியிருப்பதும் உண்டு.

இந்தியாவில் 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஒழுங்குவிதிகள்தான் அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நான்காண்டு இளங்கலை முடித்து நேராக வருகிறவர்களுக்கு 75 சதவீதம். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்தோர் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. பாடப் படிப்பு 12 முதல் 16 கிரெடிட். ஆய்வு நெறிமுறை பற்றிய தாள் அதில் கட்டாயம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற பழைய விதியையும் இந்த ஒழுங்குவிதிகள் எடுத்துவிட்டன. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை இன்னும் வைத்திருக்கலாம் என்பதால், சேரும் முன் அந்தந்தப் பல்கலையின் விதியை வாங்கிப் படியுங்கள். 2024 ஜூன் முதல், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது: நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதம், ஓராண்டு செல்லுபடி.

இந்தியாவில் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம், நெறியாளரிடம் இடம் இருக்கிறதா என்பது. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. தேர்வில் முதலிடம் வாங்கியும், உங்கள் துறையில் வேலை செய்யும் ஒரே நெறியாளருக்கு இடம் நிறைந்துவிட்டால் சம்பந்தமில்லாத தலைப்பில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி விண்ணப்பம். நோக்கக் கடிதம், எழுத்து மாதிரி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் சான்றுகள், ஆங்கிலத் தேர்வு. அமெரிக்காவில் ஜிஆர்இ என்ற பொதுத் திறன் தேர்வும் சில துறைகளில் உண்டு. 2020-க்குப் பிறகு பல துறைகள் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டன. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜனவரி தொடக்கத்துக்குள் விழும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதென்பது அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட நடைமுறை. அதற்கு முன்பே முடிவு சொல் என்று யாராவது நெருக்கினால் இந்தத் தேதியை எடுத்துச் சொல்லலாம்.

நோக்கக் கடிதத்தில் பெரும்பாலோர் செய்கிற பிழை ஒன்றே: சின்ன வயதிலிருந்தே அரசியலில் ஆர்வம் என்று தொடங்குவது. சேர்க்கைக் குழுவுக்கு உங்கள் ஆர்வம் பற்றி ஐயமே இல்லை. எந்தப் புதிர் உங்களை உறுத்துகிறது, அதற்கு இருக்கும் விடைகளில் எது போதவில்லை, எந்தத் தரவை வைத்து அணுகலாம் என்று நினைக்கிறீர்கள், அந்தத் துறையில் இதற்கு யார் பொருத்தம் என்பவைதான் அவர்களுக்குத் தேவை. ஆசிரியர் பெயர்களை இணையதளத்தில் இருந்து அள்ளிப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஓய்வு பெற்றவர் பெயரைப் போட்டவர்களும் உண்டு. எழுத்து மாதிரி 15 முதல் 30 பக்கத்துக்குள் இருக்கட்டும். நூறு பக்க முதுகலை ஆய்வேட்டை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரு வாதத்தை முன்வைத்து, சான்று காட்டி, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லும் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துத் தனியாக நிற்கும்படி திருத்தி அனுப்புங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் பெரிய பதவியில் இருப்பதைவிட உங்கள் எழுத்தைப் படித்தவராக இருப்பது முக்கியம். துணைவேந்தர் எழுதும் நான்கு வரிப் பாராட்டைவிட, உங்கள் கருத்தரங்கக் கட்டுரையில் எந்த இடம் நன்றாக வந்தது என்று சொல்லத் தெரிந்த உதவிப் பேராசிரியரின் கடிதம் எடை கூடியது.

இன்னொன்று. முழு உதவித்தொகை இல்லாமல் அமெரிக்கப் பல்கலையில் பிஎச்.டி. சேராதீர்கள். நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கு ஊதியமும் தரும். பணம் தராமல் இடம் மட்டும் தருவதை நாசூக்கான மறுப்பாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பாடப் படிப்பில் துறையை உட்பிரிவுகளாகப் பிரித்திருப்பார்கள்: ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், அரசியல் கோட்பாடு, அந்தந்த நாட்டு அரசியல், ஆய்வு முறையியல், சில இடங்களில் பொதுக் கொள்கையும் பொதுச் சட்டமும். ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றைத் துணையாகவும் எடுக்க வேண்டும். கோட்பாட்டுப் பிரிவைத் தவிர்த்து மற்ற எதை எடுத்தாலும் முறையியல் தாள்களிலிருந்து தப்ப முடியாது. ஆய்வு வடிவமைப்பு, நிகழ்தகவும் புள்ளியியலும், ரெக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை), அடுத்து காரண–விளைவை நிறுவும் முறைகள், ஆட்டக் கோட்பாடு (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் சூழல்களை ஆராய்வது) என்று வரிசை போகும். வகுப்பு தொடங்கும் முன் ஓரிரு வாரம் ‘கணித முகாம்’ நடத்தும் துறைகளும் உண்டு. வகைநுண்கணிதமும் அணிகளும் மறந்துபோனவர்கள் சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்திலேயே அவற்றைத் தூசு தட்டிக்கொள்வது நல்லது. ஆர், பைத்தான், ஸ்டேட்டா என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருள்களில் ஒன்றாவது கை பழகியிருக்க வேண்டும். இன்று பெரும்பாலோர் ஆர்-இல்தான் இருக்கிறார்கள்.

‘எனக்கு எண்கள் வேண்டாம், பண்புசார் ஆய்வுதான் செய்யப் போகிறேன்’ என்பவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது, இருக்கவும் கூடாது. உங்கள் உட்பிரிவில் வெளியாகும் கட்டுரைகளில் பாதியைப் படித்து மதிப்பிட முடியாவிட்டால் உங்கள் பங்களிப்பு எதில் சேர்கிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. எண்களில் தேர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். ஆவணக்காப்பகத்தில் ஒரு கோப்பை யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்கத் தெரியாதவர் தரவுத்தொகுப்பையும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுவார்.

மொழித் தேவை துறைக்குத் துறை மாறும். பழங்கால அரசியல் கோட்பாடு என்றால் கிரேக்கமோ இலத்தீனோ, நவீன ஐரோப்பியச் சிந்தனை என்றால் ஜெர்மனோ பிரெஞ்சோ கேட்பார்கள். ஒப்பீட்டு அரசியலில் களத்தின் மொழி தெரியாமல் நேர்காணல் எடுக்கக் கிளம்புவது வீண்செலவு. மொழிபெயர்ப்பாளர் வழியாக வரும் பதிலில் தயக்கமும் கிண்டலும் காணாமல் போய்விடும்.

அடுத்தது தகுதித் தேர்வு. அமெரிக்காவில் இதை ‘காம்ப்ஸ்’ என்பார்கள். இரண்டாம் ஆண்டின் இறுதியிலோ மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலோ வரும். முதன்மை, துணை உட்பிரிவுகளில் எழுத்துத் தேர்வு, பல இடங்களில் அதைத் தொடர்ந்து வாய்மொழித் தேர்வு. சில துறைகள் ஒரே நாளில் எட்டு மணி நேரம் உட்கார வைக்கும், சில இரண்டு மூன்று நாள் அவகாசத்தோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும். வாசிப்புப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களும் கட்டுரைகளும் இருக்கும். பொதுவாக இரண்டு வாய்ப்புதான். இரண்டாவதும் போனால் முதுகலைப் பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தேர்வில் தோற்கிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் படித்ததை எல்லாம் கொட்டியவர்கள். ‘அரசுகள் ஏன் சர்வதேச ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்படுகின்றன?’ என்று கேட்டால், இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அப்படிச் சொன்னார் என்று பதினைந்து பேரை வரிசையில் நிறுத்துவார்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது வேறு. கட்டுப்படுவதால் ஒப்பந்தம் செய்கிறார்களா, ஒப்பந்தம் செய்ததால் கட்டுப்படுகிறார்களா என்ற சிக்கலை முதலில் எடுத்து வைக்க வேண்டும். எப்படியும் செய்யப்போவதற்கு மட்டுமே அரசுகள் கையெழுத்துப் போடுகின்றன என்றால் ஒப்பந்தத்துக்குச் சொந்த விளைவே இல்லை. இதை யார், எந்தச் சான்றோடு எதிர்கொண்டார்கள், அந்தச் சான்று எவ்வளவு தாங்கும், உங்கள் தீர்ப்பு என்ன என்று போனால் ஐந்து பெயர் போதும். தயாரிப்புக்கும் அதுவே வழி: ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் மட்டும், அதில் கேள்வி, வாதம், சான்று, யாருக்குப் பதில், எங்கே ஓட்டை என்று ஐந்து குறிப்பு. பழைய வினாத்தாள்களைத் துறை அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். நேரம் குறித்துக்கொண்டு எழுதிப் பழகாமல் உள்ளே போகாதீர்கள்.

தேர்வு முடிந்த பிறகு வரும் ஆறு மாதம், ஓராண்டுதான் உண்மையான பள்ளம். அதுவரை வாரத்துக்கு வாரம் யாரோ கெடு வைத்தார்கள். இனி யாரும் கேட்க மாட்டார்கள். ஆய்வுத் திட்டத்தை, அமெரிக்காவில் ‘ப்ராஸ்பெக்டஸ்’ என்றும் இந்தியாவில் ‘சினாப்சிஸ்’ என்றும் சொல்வதை, எழுதிக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். 15 முதல் 30 பக்கம். கேள்வி, இருக்கும் விடைகளும் அவற்றின் குறையும், உங்கள் வாதம், வாதம் சரியென்றால் உலகில் எதைக் காண வேண்டும், தவறென்றால் எதைக் காண வேண்டும், தரவும் முறையும், அத்தியாயத் திட்டம், கால அட்டவணை. இவற்றில் ‘தவறென்றால் எதைக் காண வேண்டும்’ என்ற பத்திதான் பெரும்பாலான வரைவுகளில் இருக்காது. குழு முதலில் தேடுவது அதையே.

கேள்வி எப்படிக் கெடுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ‘ஜனநாயகம் உள்நாட்டுப் போரைத் தடுக்கிறதா?’ என்று ஒருவர் தொடங்குகிறார் என்று வையுங்கள். போர் என்று எதைக் கணக்கெடுப்பது? உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத்தொகுப்பில் ஓர் ஆண்டில் சண்டையில் 25 பேர் இறந்தாலே ஆயுத மோதல். 1,000 பேரைத் தொட்டால்தான் போர். எந்தக் கோட்டைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பட்டியலில் இருக்கும் நாடுகளே மாறிவிடும். ஜனநாயகத்தை எப்படி அளப்பது? பாலிட்டி என்ற அளவுகோல் நாடுகளுக்கு −10 முதல் +10 வரை மதிப்புத் தருகிறது. இதை வைத்து, முழு ஜனநாயகமும் இல்லாமல் முழு எதேச்சாதிகாரமும் இல்லாமல் நடுவில் தொங்கும் ஆட்சிகளில்தான் உள்நாட்டுப் போர் அதிகம் என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். 2008-இல் வந்த ஓர் ஆய்வு அந்த அளவுகோலைப் பிரித்து உள்ளே பார்த்தது. அரசியல் பங்கேற்பை அளக்கும் உட்கூறில், குழுக்களுக்கு இடையே வன்முறை மோதல் இருந்தால் ஒரு நாட்டுக்கு நடுமதிப்புக் கிடைக்கும்படி குறியீட்டு விதியே இருந்தது. ஆக, போர் நடந்துகொண்டிருப்பதே நடுமதிப்புக்கு ஒரு காரணம். அந்த உட்கூறை நீக்கிக் கணக்கிட்டதும் புகழ்பெற்ற அந்தத் தொடர்பு நிற்கவில்லை. தரவுத்தொகுப்பைப் பதிவிறக்கி நேராக ரெக்ரெஷன் ஓட்டுகிறவர்கள் குறியீட்டு விதிக் கையேட்டைப் படிக்காவிட்டால், இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு வைவாவில்தான் இதைக் கேள்விப்படுவார்கள்.

இதே ஆர்வத்தை ஆய்வேட்டு அளவுக்குச் சுருக்கினால் இப்படி வரலாம்: சமாதான ஒப்பந்தம் ஆன நாடுகளில், தேசியத் தேர்தலுக்கு முன் உள்ளாட்சித் தேர்தல் நடத்தினால் ஆயுதக் குழுக்கள் அரசியல் கட்சியாக நிலைப்பது கூடுகிறதா? இதில் யாரை ஆராய்கிறோம், எதை எதோடு ஒப்பிடுகிறோம், எப்போதிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதெல்லாம் இருக்கிறது. ஆம், இல்லை இரண்டுமே சுவாரசியமான விடைகள். விடை ஒரு பக்கம் மட்டுமே சுவாரசியம் தரும் கேள்வியை எடுத்தால் உங்களையறியாமலேயே தரவை அந்தப் பக்கம் தள்ளுவீர்கள்.

இன்னொரு பொதுவான கேடு, நடந்ததை மட்டும் எடுப்பது. புரட்சி வெடித்த ஐந்து நாடுகளை ஆராய்ந்து, ஐந்திலும் முன்னதாக விலைவாசி ஏறியிருந்தது என்று காட்டுவது. விலைவாசி ஏறியும் புரட்சி வெடிக்காத நாடுகள் எத்தனை? அவற்றில் இரண்டையாவது உள்ளே கொண்டுவராமல் காரணம் பற்றிப் பேச முடியாது. ‘ஒரு நோக்கு’, ‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகளில் பெரும்பாலும் இந்தச் சிக்கலோ, கேள்வியே இல்லாத சிக்கலோ ஒளிந்திருக்கும். தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அது இன்னும் தலைப்பாகவே இருக்கிறது, கேள்வியாக ஆகவில்லை.

களப்பணிக்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இதற்கு ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை ஒதுக்கி வையுங்கள். விமானச் சீட்டு வாங்கிய பிறகு விண்ணப்பிக்காதீர்கள். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் போகலாம். அரசியல் அறிவியலில் இது வெறும் சடங்கு இல்லை. உங்களிடம் பேசியவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு ஆபத்து வரக்கூடிய இடங்கள் ஏராளம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘அந்த மாவட்டத்தின் பெண் கட்சிச் செயலாளர்’ என்று எழுதினால் ஊருக்கே தெரியும். 2014-இல் அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில், ஸ்டான்ஃபோர்டு, டார்ட்மத் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனைக்காகச் சுமார் ஒரு லட்சம் வாக்காளர்களுக்கு அஞ்சல் அனுப்பினார்கள். கட்சி சாராத நீதிபதித் தேர்தலில் வேட்பாளர்களை இடது–வலது கோட்டில் நிறுத்திக் காட்டிய அந்த அஞ்சலில் மாநில அரசின் முத்திரையும் இருந்தது. அரசே அனுப்பியது போலத் தோன்றியதால் புகார் கிளம்பி, இரு பல்கலைக்கழகங்களும் வாக்காளர்களிடம் மன்னிப்புக் கேட்டன. ஆய்வே தேர்தல் முடிவை மாற்றிவிடுமா என்பது இப்போது குழுக்கள் நேராகக் கேட்கும் கேள்வி.

தரவை ஒழுங்காக வைப்பதும் இன்று எழுதாத நிபந்தனைகளில் ஒன்று. 2014 டிசம்பரில் சயன்ஸ் இதழில், வீடு வீடாகப் போய்ப் பேசினால் ஒருபாலினத் திருமணம் பற்றிய மக்கள் கருத்து நிலையாக மாறுகிறது என்று ஒரு முனைவர் பட்ட மாணவரும் மூத்த பேராசிரியரும் எழுதிய கட்டுரை வந்தது. அதே முறையில் தங்கள் ஆய்வைத் தொடங்கிய இரு இளம் ஆய்வாளர்களுக்கு அந்த அளவு பதில் விகிதம் கிடைக்கவில்லை. கணக்கெடுப்பு நடத்தியதாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தைக் கேட்டால், அப்படி ஒரு வேலையே தெரியாது என்றது. 2015 மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மூத்த பேராசிரியர் மூலத் தரவைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. இன்றைய முன்னணி இதழ்கள் தரவையும் கணினிக் கட்டளைகளையும் கேட்கின்றன. அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் சயன்ஸ் வெளியிடும் முன் முடிவுகளை மறுபடி ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எனவே முதல் நாளிலிருந்தே மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்து, எல்லா மாற்றத்தையும் கட்டளைக் கோப்பில் செய்யுங்கள். எக்செல்லில் கையால் திருத்திய தரவுக்கு மூன்று வருஷம் கழித்து நீங்களே சாட்சி சொல்ல முடியாது.

ஆய்வேட்டின் வடிவம் இரண்டு வகை. ஒன்று, 200–300 பக்க நூல் வடிவம்: ஒரே வாதம், ஐந்தாறு அத்தியாயம். மற்றொன்று, தொடர்புள்ள மூன்று கட்டுரைகளும் ஒரு முன்னுரையும். எண்சார் ஆய்விலும் ஐரோப்பாவிலும் மூன்று கட்டுரை பரவிவிட்டது. கோட்பாட்டிலும் ஆழமான களப்பணியிலும் நூல் வடிவமே பொருத்தம். மூன்று கட்டுரையைத் தேர்ந்தால் கூட்டாக எழுதியதைச் சேர்க்கலாமா, எத்தனை, உங்கள் பங்கை எப்படிக் குறிப்பது என்பதைத் துறையிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டவர் வேறு பல்கலைக்குப் போய்விட்டால் விதி மறுபடி ஆரம்பத்திலிருந்து பேசப்படும். முன்னணி இதழ்களின் வரம்பு 10,000 முதல் 12,000 சொல் என்பதால் அத்தியாயங்களை அந்த அளவிலேயே எழுதினால் பின்னால் வேலை மிச்சம்.

நெறியாளரைத் தேர்வதில் புகழைவிட மூன்று விவரங்களைப் பாருங்கள்: அவரிடம் இதுவரை எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு காலத்தில், இப்போது என்ன செய்கிறார்கள். அவருடைய இப்போதைய மாணவர்களிடம் ‘ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திரும்பி வரும்?’ என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். குழுவில் முறையியல் தெரிந்தவர் ஒருவர், நாடு அல்லது வட்டாரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் என்ன பேசினோம், அடுத்து என்ன தருகிறேன் என்று ஐந்து வரி மின்னஞ்சல் எல்லோருக்கும் அனுப்புங்கள். இரு உறுப்பினர்கள் எதிரெதிராகச் சொல்லும்போது அந்த ஐந்து வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கடைசிக் கட்டம் வைவா. அமெரிக்காவில் குழுவே தேர்வாளர்கள். ஏற்கத் தயாராக இல்லாத ஆய்வேட்டைப் பொதுவாக அவர்கள் அங்குவரை வர விடமாட்டார்கள். பிரிட்டனில் நிலைமை வேறு: ஓர் உள்தேர்வாளர், ஒரு வெளித்தேர்வாளர், மூடிய அறை. நெறியாளருக்கு அங்கே தீர்ப்பில் பங்கு இல்லை. திருத்தமின்றி ஏற்பு அபூர்வம். சிறு திருத்தங்களோடு ஏற்பதுதான் வழக்கம், அதற்குப் பெரும்பாலும் மூன்று மாதம் தருவார்கள். ‘திருத்தி மறுபடி சமர்ப்பி’ என்றால் ஓராண்டுக்கு மேலும் போகலாம். இந்தியாவில் நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுவார்கள், வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். எங்கே நடந்தாலும் மூன்று கேள்விகள் நிச்சயம்: உங்கள் பங்களிப்பை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்; இந்த நேர்வுகளை, அதாவது ஆராய எடுத்த நாடுகளை, நிகழ்வுகளை, ஏன் எடுத்தீர்கள், மற்றவற்றை ஏன் விட்டீர்கள்; எந்தச் சான்று கிடைத்திருந்தால் உங்கள் வாதத்தைக் கைவிட்டிருப்பீர்கள். மூன்றாவதுக்கு ‘எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால் உடனே மல்லுக்கு நிற்காமல், அந்தக் குறை முடிவை எவ்வளவு பாதிக்கும், எவ்வளவு பாதிக்காது என்று அளந்து சொல்லுங்கள்.

சமர்ப்பிப்பு விதிகளைச் சின்ன விஷயம் என்று விட்டு ஒரு பருவத்தையே இழந்தவர்கள் உண்டு. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி, ஏற்கெனவே வெளியான எழுத்தோடு உங்கள் ஆய்வேட்டின் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. 10–40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 40–60 என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கவே தடை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையும் மென்பொருள் அறிக்கையில் ஒற்றுமையாகவே காட்டும். அதை முன்கூட்டியே நெறியாளரின் சான்றோடு விளக்கி வையுங்கள். அமெரிக்காவில் நூலகத்தில் ஒப்படைக்கும் கடைசித் தேதி பட்டமளிப்புக்குப் பல வாரம் முன்பே வந்துவிடும். வைவா முடிந்து திருத்தம் செய்ய அதற்குள் இடம் விட்டே தேதி குறிக்க வேண்டும். ஆய்வேட்டை நூலாக வெளியிடும் எண்ணம் இருந்தால் இணையத்தில் உடனே திறக்காமல் ஓரிரு ஆண்டு மூடி வைக்கும் வசதியை ஒப்படைக்கும் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள், பின்னால் கேட்பது சிரமம். ஜெர்மனியில் இது தலைகீழ்: வைவாவில் தேறினாலும் ஆய்வேட்டை வெளியிட்டு, குறித்த பிரதிகளையோ மின்பதிப்பையோ நூலகத்தில் ஒப்படைக்கும்வரை பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள உரிமை கிடையாது.